பச்சையாக ஒளிர்ந்தால் போதுமா?

தண்ணீரில் ஆர்சனிக் இருப்பதைக் காட்டும் பாக்டீரியா செய்யப்போகிறோம் என்று யார் கிளம்பினாலும், திட்டத்தின் முதல் பக்கத்திலேயே ஜிஎஃப்பி வந்துவிடுகிறது. 2008இல் நோபல் வாங்கித் தந்த பச்சைப் புரதம். ஸ்லைடில் பளபளன்னு இருக்கும், வேறென்ன வேணும்?

ஆய்வகத்தில் அது அருமையான கருவி, மறுக்கவில்லை. மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கலாம். நாங்கள் கோடுக்கு நடுவில் போட்டுப் பார்க்கும் பிரின்ட் வரி மாதிரி. அதையே யாரும் பயனருக்கு அனுப்புவதில்லை (சிலர் அனுப்புவார்கள், அது வேறு கதை).

வங்கதேசத்தில் சோதித்த அடிபம்புகளுக்குச் சிவப்பும் பச்சையும் பெயின்ட் அடித்தார்கள். சிவப்பு என்றால் குடிக்காதே. குடத்தோடு நிற்பவருக்குத் தேவை அவ்வளவுதான். உங்கள் புரதம் ஒளிர நீல ஒளி பாய்ச்சணும், ஃபில்டர் வைக்கணும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் அது ஒளிரும் நிலைக்கே வராது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்போ லிட்டருக்கு வெறும் 10 மைக்ரோகிராம். அந்த மினுக்கலைப் பம்படி வெயிலில் யார் பார்த்துச் சொல்வது?

2006 ஐஜெம் போட்டியில் எடின்பரோ மாணவர்கள் ஆர்சனிக்கை உணரும் பாக்டீரியாவை வடிவமைத்தபோது ஒளியை நம்பவில்லை. ஆர்சனிக் இருந்தால் கரைசலின் அமிலத்தன்மை மாறும்படி செய்தார்கள். நிறங்காட்டி சில சொட்டு விட்டால் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஸ்லைடில் அது அவ்வளவு அழகாக இருக்காதுதான்.