ஆடுற பசங்க என்ன பாவம் பண்ணினாங்க?

போன ஞாயிற்றுக்கிழமை நாக்பூரில் ஒரு நண்பர் வீட்டில் காபி, பஜ்ஜி. அவர் பையன் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான். பேச்சு எப்படியோ பென் ஸ்டேட் பல்கலைக்கழகம், சாண்டஸ்கி வழக்கு என்று போனது. "ஒருத்தன் பண்ணின அக்கிரமத்துக்கு மொத்த டீமையும் தண்டிச்சாங்களே சார், ஆடுற பசங்க என்ன பாவம் பண்ணினாங்க?" என்றார் நண்பர். விருந்தாளியாகப் போன இடத்தில் சண்டை எதற்கு என்று பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். (பஜ்ஜி பிரமாதம்.) இங்கே சொல்லிவிடுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காக: ஜெர்ரி சாண்டஸ்கி, பென் ஸ்டேட் ஃபுட்பால் அணியின் துணைப் பயிற்சியாளர். (நம்ம ஊர் கால்பந்து இல்லை, அவர்கள் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது.) ஏழைப் பிள்ளைகளுக்கென்று அறக்கட்டளை நடத்தி, அதன் வழியாக வந்த சிறுவர்களைச் சீரழித்தவர். 1998-லேயே ஒரு தாய் புகார் செய்தார். வழக்கு எதுவும் வரவில்லை. 1999-ல் ஓய்வு பெற்றபிறகும் அவர் வளாகத்துக்குள் வந்துபோக முடிந்தது. 2001-ல் குளியலறையில் ஒரு சிறுவனோடு அவரைப் பார்த்த இளம் உதவியாளர், தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோவிடம் சொன்னார். பட்டர்னோ மேலதிகாரிகளிடம் சொன்னார். மேலதிகாரிகள் போலீஸிடம் சொல்லவில்லை. கைது எப்போது தெரியுமா? 2011 நவம்பரில்!

ஒருத்தன் பண்ணின அக்கிரமம் என்பது சாண்டஸ்கியின் கணக்கு. அதற்கு 30 முதல் 60 வருஷம் சிறை. இடையில் போன அந்தப் பத்து வருஷம் யார் கணக்கு? கெட்ட பெயர் வருமே என்று மறைத்தார்கள் என்றது 2012-ல் வந்த லூயி ஃப்ரீயின் விசாரணை அறிக்கை. பட்டர்னோ குடும்பம் அதை மறுத்தது. ஆனால் பல்கலைக்கழகத் தலைவர் உட்பட மூன்று பெரிய அதிகாரிகள் 2017-ல் தண்டனை பெற்றார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று மாதச் சிறை. அவ்வளவுதான்.

நான் வங்கிக்காரன். எங்கள் தொழிலில் மோசடி செய்தவன் ஜெயிலுக்குப் போவான், அது தனி. மோசடியைத் தாமதமாகத் தெரிவித்ததற்கு ரிசர்வ் வங்கி வங்கிக்கே அபராதம் போடும், அது தனி. "கவுண்டரில் இருக்கும் கிளார்க் என்ன பண்ணினார்?" என்று யாரும் கேட்பதில்லை. மறைப்பது லாபம் என்று நிர்வாகம் கணக்குப் போட்டால், அந்தக் கணக்கை நஷ்டமாக்க வேறு வழி கிடையாது. இங்கே காப்பாற்றப்பட்டது ஃபுட்பாலின் பெயர். அப்போது அடியும் அங்கேதானே விழ வேண்டும்?

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2012 ஜூலையில் அதைத்தான் செய்தது. 6 கோடி டாலர் அபராதம். அதாவது அந்த அணியின் ஒரு வருஷ வருமானம். நான்கு வருஷம் சீசன் முடிந்து நடக்கும் பெரிய போட்டிகளில் ஆடத் தடை. உதவித்தொகை இடங்களும் குறைப்பு. பசங்களை மறந்துவிடவில்லை. வேறு கல்லூரிக்கு மாறி உடனே ஆடலாம் என்று வழி விட்டார்கள். நண்பர் கேள்விக்கு இதுதான் பதில்.

ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 1998 முதல் 2011 வரையிலான வெற்றிகளை ரத்து செய்தார்கள். காமர்ஸ் படித்தவன் பேரேட்டில் பழைய எண்ட்ரியை அழிக்க மாட்டான், எதிர்ப்பதிவுதான் போடுவான். அழிப்பதால் எந்தச் சிறுவனுக்கு என்ன கிடைத்தது? 2015-ல் அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கோபம் வருவது பிறகு நடந்ததில். போட்டித் தடையை 2014-லேயே, பாதியில் தூக்கினார்கள். 2021-ல் பேய்லர் பல்கலைக்கழக விவகாரம். பாலியல் புகார்களைச் சரியாகக் கையாளவில்லை என்பது தெரிந்தும், எங்கள் விதிகளில் அது குற்றமில்லை என்று முடித்தது அதே என்.சி.ஏ.ஏ. மாணவனுக்குக் கள்ளத்தனமாகப் பணம் கொடுத்தால் குற்றம் என்று எத்தனை கல்லூரிகளைத் தண்டித்தவர்கள் இவர்கள்! வாய் மூடியிருந்தால் மட்டும் குற்றமில்லையாம். நல்ல விதி.

என் பெண் நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். சேர்க்கும்போது எத்தனை மெடல், எவ்வளவு ஃபீஸ் என்று கேட்டேன். புகார் வந்தால் யாரிடம் போகும் என்று கேட்கவில்லை. நாளைக்குப் போய்க் கேட்கப்போகிறேன். நீங்களும் கேளுங்கள்.

நண்பரே, அடுத்த ஞாயிறு காபி என் வீட்டில்.