மலையில் ஒரு மனை

இல், மனை, அகம், வீடு என்பன ஒருபொருட் பன்மொழி என்று மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். கற்பிக்கும் வசதிக்கு அது போதும். ஆராய்ந்து பார்ப்பார்க்கு ஒவ்வொரு சொல்லும் வேறு வேறு வாழ்க்கையைக் காட்டும். மனை என்பது கட்டடத்தைக் குறிப்பதோடு, அக்கட்டடம் எழும் நிலத்தையும் குறிக்கும். நிலமின்றி மனையில்லை என்பது அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. வீடு என்பதோ, விடு என்னும் அடியிற் பிறந்து, விடுதலை என்னும் பொருளையும் தாங்கி, அறம் பொருள் இன்பங்களுக்கு அப்பால் நான்காவது உறுதிப்பொருளாய் நிற்பது. ஈழத்துத் தமிழிலே காணியின் உரிமைப் பத்திரத்துக்கும் உறுதி என்றே பெயர். இவ்வாறு வீடும் உறுதியும் நூலிலும் வழக்கிலும் கைகோத்து நிற்கும் மொழி நம்முடையது. அவ்விரண்டும் பிரிந்து நிற்கும் மலைநாட்டைப் பற்றி இவ்வாரம் சில சொல்ல விழைகின்றேன்.

மலையில் மனை வாங்குதல் இன்று செல்வர்களிடையே பெருகிவரும் ஒரு விருப்பம். அதிலும், கோலாற் பந்தடித்துக் குழியில் வீழ்த்தும் கொல்ப் விளையாட்டுத் திடலை நடுவே அமைத்து, அதனைச் சூழ இல்லங்களைக் கட்டி விற்பது அமெரிக்க நாட்டிலே பெருவணிகமாய் வளர்ந்து, பிற நாடுகளிலும் பரவியிருக்கின்றது. நமது நாட்டுக்கு இவ்விளையாட்டைக் கொணர்ந்தவர் ஆங்கில ஆட்சிக் காலத்து வெள்ளையர். நுவரெலியாக் கொல்ப் கழகம் 1889இல் தோன்றியது. கண்டியை அடுத்த திகனவில், விக்டோரியா நீர்த்தேக்கத்தை நோக்கிய சரிவிலே, 1999இல் பதினெட்டுக் குழித் திடல் ஒன்று திறக்கப்பட்டது. அதனை ஒட்டி மனைத்துண்டுகளையும் இல்லங்களையும் விலை கொடுத்து வாங்குவோர் உளர். பச்சைப் புல்வெளி, குளிர்ந்த காற்று, தொலைவிலே நீலமலை, அண்மையிலே நீர்ப்பரப்பு. இவற்றை விரும்புதல் குற்றமன்று. விளையாட்டின்மீதோ விளையாடுவோர்மீதோ எனக்குப் பகையில்லை.

அத்தகைய மனையை வாங்குவோர் முற்பணம் கொடுக்குமுன் கேட்கும் வினாக்களே என் கருத்தை ஈர்த்தவை. முதலாவது, உறுதி தெளிவானதா, அதன் மூலம் எவ்வளவு காலம் பின்னோக்கிச் செல்கிறது? இரண்டாவது, நில அளவைப் படத்தில் எல்லைகள் குறிக்கப்பட்டுள்ளனவா? மூன்றாவது, நீர் எங்கிருந்து வருகிறது? நான்காவது, வாசல் வரை பாதை உண்டா, அப்பாதை எவருடையது? ஐந்தாவது, மேலேயுள்ள சரிவு மழைக்குத் தாங்குமா? ஆறாவது, என் மக்களுக்கு இதனை நான் எழுதிவைக்கலாமா, வேண்டுமாயின் விற்கலாமா? இந்த ஆறையும் கேளாமல் பணத்தை எடுத்து நீட்டுபவனை உலகம் அறிவிலி என்றே சொல்லும். கேட்பவனை எவரும் நன்றி கெட்டவன் என்று சொல்வதில்லை.

இனி, நான் வாழும் ஊவா நாட்டுக்கு வருவோம். நமுனுகுல என்னும் சிங்களப் பெயருக்கு ஒன்பது சிகரங்கள் என்பது பொருள். ஏறத்தாழ 6,680 அடி உயர்ந்து நிற்கும் அம்மலையையும் அதன் அடிவாரங்களையும் சூழப் பரந்திருப்பவை தேயிலைத் தோட்டங்கள். காற்றுக்கும் காட்சிக்கும் இங்குக் குறைவில்லை. கொல்ப் இல்லத்தை விளம்பரம் செய்வோர் எவற்றையெல்லாம் அடுக்கிச் சொல்வரோ அவை அனைத்தும் நமுனுகுலவின் விடியற்காலையில் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆயினும், அக்காலைப் பொழுதிலே கூடையுடன் மலையேறும் பெண்மணி எழுந்து வருவது எங்கிருந்து? லயத்திலிருந்து. லைன் என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு லயம். அதில் ஓர் அறைக்குக் காம்பரா என்று பெயர். அது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். பழைய காம்பராவின் அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு. துரை வசித்தது பங்களா, அதுவும் இரவற்சொல்லே. இல், மனை, வீடு என்னும் நம் சொற்களுள் ஒன்றேனும் அந்தத் தோட்டத்துக் குடியிருப்புக்குப் பெயராய் அமையவில்லை என்பது சிந்திக்கத் தக்கது.

இது தற்செயலன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசுக்குரியவை எனக் கொண்டது. அந்நிலம் கோப்பிக்கும், பின்னர்த் தேயிலைக்கும் விற்கப்பட்டது. அம்மலைகளை வெட்டித் திருத்தத் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவர்க்குக் கிடைத்தது வேலை. வேலையோடு ஒட்டிய இருப்பிடம். வேலை போனால் இருப்பிடமும் போகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. குடிமகன் அல்லாதவன் குடிநிலம் கேட்பது எங்ஙனம்? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் உடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குச் சென்றது. அக்கம்பனிகளின் குத்தகைக் காலம் 2045 வரை நீள்வது. எனவே, இன்று நமுனுகுலவில் ஒரு தொழிலாளி தம் பிள்ளைகளின் உழைப்பால் நாலு காசு சேர்த்து, தாம் வாழும் காம்பராவை விலைக்குத் தாருங்கள் என்று கேட்பாராயின், கம்பனி நான் குத்தகைக்காரன் என்னும். அரசு காணி குத்தகையில் இருக்கிறது என்னும். விற்பார் இல்லாத பொருளை வாங்குவது எவ்வாறு?

இன்னுமொன்று. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், அந்நிய நாட்டார்க்குக் காணியை அறுதியாய் விற்பதைத் தடுத்தது. ஆயினும் 99 ஆண்டுவரை குத்தகைக்கு எடுக்க வழிவிட்டது. அச்சட்டத்தின் நோக்கத்தை நான் பழிக்கவில்லை. ஆனால், நேற்று விமானத்தில் வந்திறங்கியவர் தம் பெயரில் ஒரு குத்தகைப் பத்திரம் பெறலாம். இம்மலையை மலையாக விட்டுவைக்காது தோட்டமாக்கிய மக்களின் வழித்தோன்றலோ, 2023இல் தம் வருகையின் இருநூறாண்டு நினைவைக் கொண்டாடிய பின்னும், தம் வாசற்படிக்குப் பத்திரம் இல்லாதிருக்கிறார். இந்த முரணை எந்த இலக்கணத்தால் அமைதிப்படுத்துவது?

வகுப்பிலே ஒருமுறை உறுதி என்னும் சொல்லை வாக்கியத்தில் அமைக்குமாறு பணித்தேன். மன உறுதி, உடல் உறுதி, உறுதிமொழி என்று பலவாறு எழுதினர் பிள்ளைகள். காணி உறுதி என எழுதியவன் ஒருவனே. அவன் பதுளை நகரில் கடை வைத்திருக்கும் வணிகர் ஒருவரின் மகன். தோட்டத்துப் பிள்ளைகள் சொல்லறியாதவர் அல்லர். அச்சொல் குறிக்கும் பொருளை அவர்கள் தம் இல்லத்தில் கண்டதில்லை. வீட்டிலே ஒரு பெட்டி, அப்பெட்டியின் அடியில் துணியிற் சுற்றிய ஒரு பத்திரம், அதனை ஆண்டுக்கொருமுறை எடுத்து வெயிலில் உலர்த்தும் பாட்டனார் என்னும் காட்சி பிற ஊர்ப் பிள்ளைகட்கு இயல்பானது. எம் பிள்ளைகட்கு அது கதையில் வரும் காட்சி.

ஒன்றும் நடைபெறவில்லை என்று சொல்வது அறமாகாது. குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்னும் கொள்கை 2015க்குப் பின் வேரூன்றியது. இந்திய அரசின் உதவியால் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டவாறு மேலும் 10,000 வீடுகளும் ஒதுக்கப்பட்டன. தோட்டப்புறங்கட்குப் பிரதேச சபைகள் பணி செய்வதற்கிருந்த சட்டத்தடை 2018இல் திருத்தப்பட்டது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் ஏறத்தாழ 2,000 குடும்பங்கட்கு வீட்டுரிமை ஆவணங்கள் வழங்கப்பட்டன. இவற்றுக்காக உழைத்தோரை வாழ்த்துவோம். ஆயினும், வாழ்த்திய வாயாலேயே அந்த ஆறு வினாக்களையும் கேட்போம். கையிற் பெற்ற தாள் காணி உறுதிதானா, அன்றி ஒரு வாக்குறுதியா? எல்லை அளக்கப்பட்டதா? குழாயில் நீர் வருமா? நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி வாசல் வரை வருமா? மகளுக்கு அதனை எழுதிவைக்க முடியுமா?

ஐந்தாம் வினாவைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு வேறோர் இடந்தான் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயலின்போது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் மீண்டும் சரிந்தன. நாடெங்கும் மாண்டோர் தொகை 600ஐக் கடந்தது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டுவோர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பெறல் வேண்டும் என்பது விதி. கொல்ப் திடலருகே மனை கொள்வோர் அவ்வறிக்கையைப் படித்துப் பார்த்து, சரிவு தகாதெனில் வேறிடம் தேடுவர். தேடுவதற்கு அவர்களிடம் உரிமையும் பொருளும் உள. லயத்தில் வாழ்வோனுக்கு இடத்தைத் தேர்ந்தவன் அவனல்லன். விட்டு நீங்கும் உரிமையும் அவனுடையதன்று. ஆதலின், காணியுரிமை என்பது பெருமைக்குரிய ஒரு தாள் மட்டுமன்று. மழை பெய்யும் இரவில் அது உயிர்காப்பு.

மறுப்புரைகள் உண்டு. நிலம் போதாது என்பர் சிலர். கணக்குப் பார்ப்போம். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். பதினெட்டுக் குழித் திடலுக்கு ஏறத்தாழ 120 ஏக்கராவது வேண்டும் என்பர். நாலேகால் அங்குல அகலமுள்ள பதினெட்டுக் குழிகளுக்காக ஒதுக்கும் அந்நிலம், 7 பேர்ச்சஸ் வீதம் பங்கிட்டால் 2,700 குடும்பங்கட்கு மேல் போதும். பாதைக்கும் பள்ளிக்கும் பொதுவெளிக்கும் பாதியை விட்டாலும் ஆயிரத்து முந்நூறு குடும்பம் வாழும். திடல்களை உழுதுவிடுக என்று நான் சொல்லவில்லை. விளையாட்டுக்கு நிலம் காணத் தெரிந்த நாட்டுக்கு வாழ்க்கைக்கு நிலம் காணத் தெரியாதிருக்க முடியாது என்பதே என் வாதம்.

உறுதி கொடுத்தால் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள் என்பர் வேறு சிலர். விற்கட்டுமே. கொல்ப் இல்லத்தை வாங்கியவர் பத்தாண்டு கழித்து நல்ல விலைக்கு விற்றால் அவரைக் கெட்டிக்காரர் என்கிறோம். தோட்டத் தொழிலாளி விற்றால் மட்டும் பொறுப்பற்றவர் என்பது என்ன நீதி? விற்க இயலாத உடைமை உடைமையாகாது. விட்டுப் போகும் உரிமை உள்ளவன் விரும்பி இருக்கும்போதுதான் அவ்விடம் அவனுக்கு வீடாகிறது. வேலையாள் குறைந்துவிடுவான் என அஞ்சும் நிருவாகம், கூரையைக் காட்டிக் கூலியாளைக் கட்டிவைக்கும் பழைய வழக்கத்தை விட்டு, நல்ல ஊதியத்தால் அவனை நிறுத்திக்கொள்ளட்டும்.

ஆசிரியர்கட்கும் மாணவர்கட்கும் இலக்கிய வட்டத்து அன்பர்கட்கும் இதில் என்ன வேலை என்று வினவலாம். பெரிய வேலை உண்டு. மலையக இலக்கியம் லயத்தின் துயரை நெஞ்சுருகப் பாடிவிட்டது. அப்பாட்டின் பெருமை குன்றாது. அடுத்து வேண்டுவது படிப்பு. காணி உறுதி ஒன்றை எவ்வாறு வாசிப்பது, நில அளவைப் படத்தில் வடக்குத் திசை எங்கே, குத்தகைக்கும் அறுதிக்கும் அளிப்புப் பத்திரத்துக்கும் என்ன வேறுபாடு, இவற்றை மேல்வகுப்பு மாணவர்க்குத் தமிழ்ப் பாட வேளையிலேயே கற்பிக்கலாம். சட்டத் தமிழும் தமிழே. தோட்டத்து இளைஞர் ஒருவர் தம் தாய்க்குக் கிடைத்த பத்திரத்தை உரத்துப் படித்து, அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்ல வல்லவராயின், அது நாம் நடத்தும் பத்துப் பட்டிமன்றங்களிலும் மேலானது. விடுமுறை நாளில் வாசகசாலையில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குவது கடினமன்று. நகரத்து வழக்கறிஞர் எவரேனும் உடனிருந்தால் பயன் இருமடங்காகும்.

மலையிலே மனை வாங்க விரும்பும் செல்வர் வாங்கட்டும். அவர் கேட்கும் ஆறு வினாக்களையும் நமுனுகுலவின் சரிவிலே வாழும் தாயும் கேட்கட்டும். கேட்கும் அவளை நன்றியில்லாதவள் என்னாது, அவள் வினாக்கட்கு ஒவ்வொன்றாய் விடை தரும் அரசே நல்லரசு. தானமாய்ப் பெறுபவன் தலைகுனிந்து வாங்கிக்கொள்வான். உரிமையோடு பெறுபவன் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுவான். நம் மக்கள் படித்துப் பார்த்துக் கையொப்பமிடும் நாள் வரவேண்டும். அதற்கு அவர்களை ஆயத்தஞ் செய்வது நம் கடன்.