ஒத்துக்காரர் எங்கே?

எனக்குத் தெரிந்த ரசிகர் ஒருவர், மேல்நாட்டு சங்கீதத்திலும் ஞானம் உள்ளவர். "பீத்தோவன் வந்து அங்கே ஆர்க்கெஸ்ட்ரா வளர்ந்த மாதிரி, ராஜரத்தினம் வந்து நம் நாயனம் வளர்ந்தது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார். பாதிதான் சரி. மற்றப் பாதிக்காகத்தான் இந்தச் சண்டை.

அங்கே நடந்தது என்ன? 1761-இல் ஹைடன் எஸ்டர்ஹாஸி பிரபுவிடம் வேலைக்கு அமர்ந்தபோது, மற்றச் சேவகர்களைப் போல அவருக்கும் சீருடை. வாத்தியக்காரர்கள் இருபது பேருக்குள். அளவும் ஒழுங்கும்தான் அந்தக் காலத்து அழகு. பீத்தோவன் வியன்னாவில் எந்தப் பிரபுவுக்கும் சேவகம் பண்ணவில்லை; 1824-இல் ஒன்பதாவது ஸிம்பனியில் பாடகர் கூட்டத்தையே கொண்டுவந்து நிறுத்தினார். 1830-இல் பெர்லியோஸ், ஒரு கலைஞனின் காதல் பித்தைச் சொல்லவென்று, தந்தி வாத்தியங்கள் மட்டும் 60 கேட்டார். தனி மனிதனின் உணர்ச்சி பெருகிற்று. கூடவே நாற்காலிகளும் பெருகின.

நம் தஞ்சாவூர்ச் சீமையில்? சாமி புறப்பாடு என்றால் நாயனம், தவுல், தாளம், ஒத்து. அந்த நாள் நாயனம் திமிரி. குட்டை, உச்ச சுருதி. மல்லாரி எழுந்தால் நாலு வீதியும் விழித்துக்கொள்ளும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி கடைந்து கொடுத்த நீண்ட பாரி நாயனத்தைக் கையில் எடுத்தார். சுருதி இறங்கிற்று, நாதம் குழைந்தது. அவர் தோடியைக் கேட்டவர்கள் வேறு தோடியைக் கேட்கக் கூசினார்கள். வித்வானாக மேடையில் உட்கார்ந்து வாசித்தார். பெரிய மனிதர் முன்னால் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியிருந்த தொழில் அது. 'அந்த வீதி, அந்த ராத்திரி' என்று பெருமூச்சு விடுகிறவர்கள் அந்தத் துண்டையும் நினைத்துக்கொள்ளட்டும். நான் வீதிக்காக அழவில்லை.

ஒத்துக்காரருக்காகக் கேட்கிறேன். அவர் ராகம் வாசிப்பதில்லை. ஒரே சுரம். கன்னம் உப்ப, மூச்சு அறாமல், மணிக்கணக்காக அதைப் பிடித்து நிற்பார். அந்தச் சுவரில்தான் நாயனக்காரர் சித்திரம் எழுதினார். எத்தனையோ பிள்ளைகள் ஒத்துப் பிடித்தே மூச்சையும் சுருதியையும் கற்றார்கள். வித்வான் மேடையேறினார், ஒத்து இருந்த இடத்தில் சுருதிப் பெட்டி ஏறிற்று. இன்று அதுவும் போய், மின்சாரத்தில் முணுமுணுக்கும் ஒரு சின்ன டப்பா. அது மூச்சு விடாது, சம்பளமும் கேட்காது.

ராஜரத்தினத்தைக் குறை சொல்வேனா? மகாமேதை தன் வழியே போனார். குறை நம்முடையது. ஒருவருக்குச் செய்த மரியாதையோடு நம் கடன் தீர்ந்தது என்று எழுந்து போனோமே, அதைச் சொல்கிறேன். அங்கே உணர்ச்சி பெருகியபோது இன்னும் நாலு பேருக்கு வேலை கிடைத்தது. இங்கே ஒருவர் உட்கார இடம் கிடைத்தபோது, பக்கத்தில் நின்றவருக்கு நிற்கவும் இடமில்லை.

2022-இல் நரசிங்கம்பேட்டை நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். மரத்துக்குக் கிடைத்த அந்த மதிப்பு, மூச்சுக்கும் கிடைக்கட்டும். கல்யாணத்துக்கும் கச்சேரிக்கும் மேளம் பேசுகிறவர்கள், ஒத்துக்கு ஓர் ஆள், அவருக்கு ஒரு சம்பளம் என்று சேர்த்துப் பேசட்டும்.

இல்லாவிட்டால் 'ஒத்து ஊதுகிறான்' என்ற வசவில்தான் அவர் மிஞ்சியிருப்பார். ஊதியவரை ஒழித்துவிட்டு வசவை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.