மொக்கு என்னும் சொல்

நமது யாழ்ப்பாணத்திலே ஒரு நாட்பொழுதில் "விசர்", "மொக்கு", "மோடு" என்னும் சொற்கள் எத்தனை முறை நம் காதில் விழுகின்றன என்று வாசகர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? சந்தையிலே விலை கூட்டிச் சொன்னவன் விசரன். குடையை மறந்து வந்தவள் விசரி. கணக்கிலே பிழைவிட்ட மாணவன் மொக்கன். தாய் பிள்ளையைக் கொஞ்சும்போதும் இச்சொற்கள் வரும். தமையன் தம்பியை ஏசும்போதும் வரும். இதனால் யாருக்கு என்ன நட்டம் என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

அவ்வெண்ணத்தை மாற்றியவன் என் மாணவன் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒன்பதாம் வகுப்பிலே அட்சரகணித விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முந்திய நாள் படிப்பித்த சமன்பாட்டையே ஒருவன் பிழையாகச் செய்திருந்தான். "மொக்கு!" என்று ஏசித் தாளை நீட்டினேன். வகுப்புச் சிரித்தது, ஏச்சு வாங்கியவனும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். பாடசாலை விட்டபின் என் மேசையருகே ஒரு பையன் வந்து நின்றான். அவன் ஏச்சு வாங்கியவனல்லன். அவ்வகுப்பிலே முதலாம் பிள்ளையாக வருபவன். நெடுநேரம் பேசாதிருந்து பின் சொன்னான்: "சேர், என்ர தங்கச்சியையும் ஊரிலை அப்பிடித்தான் கூப்பிடுறவை."

எனக்கு மறுமொழி வரவில்லை. நான் எறிந்த கல் குறிவைத்தவன்மேற் படவில்லை. என்றும் நான் கண்டிராத ஒரு சிறுமியின்மேற் பட்டிருந்தது.

பின்னொரு நாள் அவன் வீட்டுக்குப் போனேன். தங்கைக்கு அப்பொழுது பன்னிரண்டு வயது. பேச்சுத் தெளிவில்லை, எழுத்தும் படியவில்லை. ஆனால் விடியற்காலையிலே பூக்கொய்து சாமிக்கு வைப்பது அவள் பொறுப்பு. செவ்வரத்தை வேறு, நந்தியாவட்டை வேறு எனப் பிரித்துத் தட்டிலே அடுக்குவாள். தமையனின் சைக்கிள் மணி ஒழுங்கை முகப்பிலே கேட்டதும் ஓடிப்போய்ப் படலையைத் திறப்பாள். வேறெவருடைய மணிக்கும் எழுந்திராள். அவளுக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது. அயலவரோ அதனை மறந்து, அவ்வீட்டையே "மொக்கு வீடு" என்று வழங்கினர். மகன் ஒருநாளாவது ஒரு சிநேகிதனை வீட்டுக்குக் கூட்டிவந்ததில்லை என்று தாயார் சொன்னார். "தங்கச்சியைப் பாத்துச் சிரிப்பினம் எண்டு பயம், சேர்" என்றார்.

இங்கே ஒன்றைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். நாம் விசர் என்று ஏளனஞ் செய்யும் மனநோய் எவருக்கும் எவ்வயதிலும் வரலாம். வைத்தியத்தாற் குணப்படுத்தவும் கட்டுப்படுத்தவும் கூடியது. அறிவுசார் குறைபாடு வேறு. அது பிறப்பிலோ இளமையிலோ தொடங்குவது. அத்தகைய பிள்ளை கற்குமாயினும் மெதுவாகக் கற்கும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, இரண்டையும் வசையாக்கி வைத்திருக்கிறோம்.

இஃது நமது ஊருக்கு மாத்திரம் உரிய குற்றமன்று. "இடியட்", "இம்பெசில்" என்னும் ஆங்கிலச் சொற்கள் ஒரு காலத்தில் வைத்தியர்கள் அறிவுக் குறைபாட்டைத் தரம் பிரிக்க வழங்கிய கலைச்சொற்கள். "மோரன்" என்னும் சொல்லை அமெரிக்க உளவியலாளர் ஹென்றி கொடாட் 1910ஆம் ஆண்டில் கிரேக்க மொழியிலிருந்து ஆக்கிக்கொண்டார். மூன்றும் தெருவுக்கு வந்தன, வசையாயின. அவற்றின் இடத்திலே "வளர்ச்சி தடைப்பட்டவர்" என்னும் பொருளில் வேறொரு சொல்லை வைத்தனர். அதுவும் பாடசாலை முற்றத்திலே ஏளனச் சொல்லாயிற்று. ஈற்றில் றோசா என்னும் சிறுமியின் குடும்பத்தார் முயன்றதன் பயனாக, 2010ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அச்சொல்லைக் கூட்டாட்சிச் சட்டங்கள் பலவற்றிலிருந்து நீக்கும் சட்டம் அமெரிக்காவிலே கையொப்பமாயிற்று. அதற்கு "றோசாவின் சட்டம்" என்றே பெயர்.

ஒரு சொல் ஓரினத்தையே இழிவுபடுத்தியதும் உண்டு. 1866ஆம் ஆண்டில் ஆங்கிலேய வைத்தியர் லாங்டன் டவுண் ஒருவகைக் குறைபாடுடைய பிள்ளைகளின் முகத்தை மொங்கோலியரின் முகத்தோடு ஒப்பிட்டு, அவர்களுக்கு அவ்வினப் பெயரையே சூட்டினார். அக்குறைபாட்டுக்குக் காரணம் 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று மிகையாயிருத்தலே என்பதை 1959ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லெஜூன் குழுவினர் வெளியிட்டனர். 1961ஆம் ஆண்டில் அறிஞர் சிலர் அப்பெயரைக் கைவிடுமாறு "லான்செற்" என்னும் வைத்திய இதழிலே எழுதினர். 1965ஆம் ஆண்டில் மொங்கோலியா கேட்டுக்கொண்டபின் உலகச் சுகாதார நிறுவனமும் அதனைக் கைவிட்டது. இன்று அதனை டவுண் சகசம் என்கிறோம்.

அப்படியாயின் புதுச்சொல் ஒன்றைக் கண்டுபிடித்தாற் போதுமே என்று சிலர் கூறுவர். தமிழ்நாட்டிலே மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்த காலத்தில் "ஊனமுற்றோர்" என்பதை விடுத்து "மாற்றுத்திறனாளிகள்" என்னும் சொல்லை அரசு ஏற்றது; நல்ல செயல். ஆனால் சொல்லை மாற்றியும் இகழ்ச்சியை மாற்றாவிட்டால், பழைய நஞ்சு புதிய பாத்திரத்திலும் ஏறிவிடும். நமது பாடசாலைகளிலே இப்பிள்ளைகளுக்கென விசேட கல்வி அலகுகள் உள்ளன. "நீ விசேட அலகுக்குப் போ" என்று மாணவர் ஒருவரையொருவர் கேலி செய்வதை என் காதாலே கேட்டிருக்கிறேன். அச்சொல்லில் என்ன குற்றம்? குற்றம் அதைச் சொன்ன விதத்திலன்றோ இருக்கிறது!

சட்டமும் தன் பங்கைச் செய்துள்ளது. இலங்கையிலே 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாடு காரணமாகக் கல்வியிலும் வேலையிலும் எவரையும் ஒதுக்கலாகாது என்கிறது. ஆயினும் ஒழுங்கையிலே நாம் பேசும் பேச்சைக் காவல் செய்யச் சட்டம் வரமாட்டாது. அது குடும்பத்தின் கடன், ஆசிரியரின் கடன்.

கோண்டாவிலிலே 2004ஆம் ஆண்டு முதல் ஆறு. திருமுருகன் அவர்களின் முயற்சியால் இத்தகைய பிள்ளைகளுக்கெனப் பாடசாலை ஒன்று நடைபெறுகிறது. அது மக்கள் வாயிலே "சிவபூமி" என்றே வழங்குகிறது. திருமூலர் நம் ஈழத்தைக் குறித்த பெயரெனச் சைவர் போற்றும் பெயர் அது. "பிள்ளை சிவபூமிக்குப் போகிறாள்" என்று ஒரு தாய் தலைநிமிர்ந்து சொல்லலாம். பெயரொன்று ஒருவரைத் தாழ்த்தாது தாங்கவும் கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

என் வகுப்புக்கு மறுநாட் காலையிலே போனதும், முதல் வேலையாக அப்பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "நேற்று நான் சொன்ன சொல் பிழை, உன் கணக்குப் பிழையைவிடப் பெரிய பிழை" என்றேன். எவரும் சிரிக்கவில்லை. மேசையருகே வந்து நின்றவனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை; அவன் மாத்திரம் தலையை நிமிர்த்திப் பார்த்தான்.

அன்று தொடக்கம், கணக்குப் பிழையென்றால் கணக்கைத்தான் பிழையென்கிறேன், பிள்ளையைப் பிழையென்பதில்லை. பழக்கம் எளிதில் விடவில்லை. நாக்கின் நுனிவரை வந்த சொல்லைப் பலமுறை விழுங்கியிருக்கிறேன்.

மாணவர்களே, பெற்றோர்களே! இந்த ஞாயிறு தொடங்கி ஒரு வாரத்துக்கு இச்சொற்களை வாயில் வராது காத்துப் பாருங்கள். எத்தனை முறை அவை வர முயல்கின்றன என்பது உங்களுக்கே வியப்பாயிருக்கும். உங்கள் அயலிலே அத்தகைய பிள்ளை ஒன்று இருப்பின், அப்பிள்ளையின் பெயர் என்னவென்று கேட்டறிந்து, அடுத்தமுறை படலையிலே காணும்போது அந்தப் பெயர் சொல்லி அழையுங்கள்.