பாதிரிமார் கடையில் யூதர் சரக்கு

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கங்களில் நமது பிரசாரத்தைக் கேட்க வருகின்றவர்களில் கிறிஸ்தவத் தோழர்களும் உண்டு. இந்துப் புராண ஆபாசங்களை நாம் எடுத்துச் சொல்லும்போது வெகு சந்தோஷமாகக் கை தட்டுகின்றார்கள். கூட்டம் கலைந்ததும், “எங்கள் வேதம் அப்படியல்ல, அது கடவுளே நேராக அருளியது” என்று சொல்லிவிட்டுப் போகின்றார்கள். ஆகவே அந்தச் சரக்கு எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

இயேசு என்பவரே ஒரு யூதர். யூதத் தாய்க்குப் பிறந்து, எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்யப்பட்டு, யூதர் ஜெப ஆலயங்களில் போதித்து, யூதருடைய பஸ்காப் பண்டிகைக்கு எருசலேமுக்குப் போன இடத்தில் ரோமானிய அதிகாரியின் உத்தரவினால் சிலுவையில் அறையப்பட்டவர் என்று சுவிசேஷங்களே சொல்லுகின்றன. ‘கிறிஸ்து’ என்பது பெயர்கூட அல்ல. அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று பொருள்படும் ‘மேசியா’ என்கின்ற எபிரேயச் சொல்லின் கிரேக்க மொழிபெயர்ப்பேயாகும். ஆமென் எபிரேயம், ‘யா’ என்னும் யூதக் கடவுளைத் துதியுங்கள் என்கின்ற அல்லேலூயாவும் எபிரேயம். ஐயர் சொல்லும் சமஸ்கிருத மந்திரம் யாருக்கு விளங்குகின்றது என்று கேலி செய்கின்ற தோழர், தாம் வாரந்தோறும் சொல்லும் அல்லேலூயாவுக்கு அர்த்தமென்னவென்று தமது உபதேசியாரை ஒரு நாளாவது கேட்டதுண்டா?

சங்கீதங்கள் 150-ம் யூதருடைய பாட்டுகள். ஞானஸ்நானத்துக்கு முன்னோடி யூதர் தீட்டுக் கழிக்க முழுகிய முழுக்கு. அப்பமும் ரசமும் யூதர் பந்தியில் ஆசீர்வதித்துப் பரிமாறினவை. பெந்தெகொஸ்தே என்பது பஸ்காவிலிருந்து ஐம்பதாம் நாளில் யூதர் கொண்டாடிய அறுப்புப் பண்டிகை. செத்தவர் எழுந்திருப்பார் என்ற நம்பிக்கையாவது சொந்தச் சரக்கா என்றால், அதுவும் இல்லை. இயேசு காலத்திலேயே யூதரில் பரிசேயர் அதை நம்பினார்கள், சதுசேயர் மறுத்தார்கள். செத்தவர் எழுவதில்லை என்று தைரியமாகச் சொன்ன அந்தச் சதுசேயருக்குச் சுவிசேஷத்தில் நல்ல பெயர் இல்லை!

இரவல் வாங்கினதைக் குற்றமென்று நாம் சொல்லவரவில்லை. எந்த மதமும் முந்தின மதத்தின் பழஞ்சாமான்களைக் கொண்டு கட்டினதுதான். வாங்கினதில் எதை வைத்துக் கொண்டு எதைத் தள்ளினார்கள் என்பதே கேள்வி. விருத்தசேதனம் யூதரல்லாதாருக்கு வேண்டாமென்று எருசலேமில் கூடிப் பேசித் தீர்மானித்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரமே கூறுகின்றது. பன்றிக்கறி விலக்கு போயிற்று. சனிக்கிழமை ஓய்வும் போயிற்று. 321-இல் ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் சூரியனுடைய நாளை ஓய்வு நாளாக்கினான். இவ்வளவும் “பழைய ஏற்பாடு, யூதருக்கு மாத்திரம்” என்று தள்ளுபடியாயிற்று. ஆனால் லேவியருக்குக் கொடுக்கச் சொன்ன தசமபாகம் மாத்திரம் எத்தனையோ சபைகளில் தள்ளுபடியாகவில்லை. வருமானம் தரும் வசனத்துக்கு வயதாவதில்லை போலும்!

இந்தப் புரட்டை முதலில் கண்டு கேட்டவர்களில் ஒருவர் திருநெல்வேலிச் சீமைக்காரர். அருமைநாயகம் என்ற பெயருள்ள சட்டாம்பிள்ளை, நாடார் வகுப்பில் பிறந்து எஸ்.பி.ஜி. மிஷனில் வேலை பார்த்தவர். பாதிரிமாரோடு தகராறு ஏற்பட்டு வெளியேற்றப்பட்டார். கால்டுவெல் பாதிரியார் 1849-இல் நாடார்களைப் பற்றி இழிவாக எழுதி வெளியிட்ட புஸ்தகம் அந்தக் கோபத்துக்கு எண்ணெய் வார்த்தது. (திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக அவரைப் பாராட்டுவது வேறு விஷயம்.) 1857-இல் நாசரேத், பிரகாசபுரம் பக்கத்தில் சட்டாம்பிள்ளையும் அவரைச் சேர்ந்தவர்களும் தனியே இந்து கிறிஸ்தவ சபையை ஏற்படுத்தினார்கள். ‘இயேசு யூதர், வெள்ளைக்காரர் அல்ல. ஆகையால் வெள்ளைக்காரன் வழக்கம் நமக்கெதற்கு?’ என்பது அவர்கள் கட்சி. சனிக்கிழமையை ஓய்வு நாளாக்கினார்கள். புளித்த ஒயினைத் தள்ளித் திராட்சைச் சாற்றை வைத்தார்கள். வெள்ளைப் பாதிரியும் வேண்டாம், அவன் பணமும் வேண்டாமென்றார்கள்.

இதில் உள்ள சுயமரியாதையை நாம் மனதாரப் பாராட்டுகின்றோம். 1899-இல் சிவன் கோயிலுக்குள் நுழையும் உரிமைத் தகராறில் சிவகாசி பட்ட பாட்டை நம்மவர் அறிவார்கள். அதற்கு 42 வருஷம் முன்பே, கோயில் கதவு மூடியிருந்ததால் மாதா கோயிலுக்குப் போனவன் அங்கும் இழிவைக் கண்டு, ‘உன் மதம் உனக்கே சொந்தமல்லவே’ என்று துரையைப் பார்த்துக் கேட்டது சாமானியமல்ல.

நிற்க, துரையின் புஸ்தகத்தை விட்டவர் எங்கே போனார்? மோசேயின் புஸ்தகத்துக்குப் போனார். பெண்களின் மாதவிலக்குத் தீட்டும் அதோடு சேர்ந்து சபைக்குள் வந்தது. லேவியராகமம் 12-ஆம் அதிகாரத்தைத் தோழர்கள் பிரித்துப் பார்க்கட்டும். ஆண் குழந்தை பெற்றால் தாய்க்கு 7-ம் 33-ம் ஆக 40 நாள் தீட்டு. பெண் குழந்தை பெற்றால் 14-ம் 66-ம் ஆக 80 நாள்! பெண்ணைப் பெற்றதற்கு இரட்டை அபராதம். மனுவின் சரக்குக்கும் மோசேயின் சரக்குக்கும் இந்த இடத்தில் வித்தியாசம் என்ன? இரண்டையும் எழுதியவர்கள் ஆண்களும் புரோகிதர்களுமே என்பதைத் தவிர வேறு விளக்கம் நமக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு இரவலும் கொடுத்த யூதருக்குக் கிடைத்த கூலியையும் சொல்ல வேண்டும். கிறிஸ்துவைக் கொன்றவர் என்று பட்டம் கட்டி, 1290-இல் இங்கிலாந்தும் 1492-இல் ஸ்பெயினும் அவர்களைத் துரத்தின. ஹிட்லர் காலத்தில் அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். எல்லா யூதர் மேலும் அப்பழியைச் சுமத்தக் கூடாதென்று ரோமாபுரி சபை தெளிவாக அறிவித்தது 1965-இல்தான்.

யூதர் சரக்கில் உருப்படியானதும் ஒன்று உண்டு. வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும் கழுதையும்கூட ஏழாம் நாளில் இளைப்பாற வேண்டுமென்று உபாகமம் சொல்லுகின்றது. நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினை என்று காரணமும் சொல்லுகின்றது. ஆயினும் பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு அந்த வசனத்தால் வரவில்லை. ஜோதிபா பூலேயின் சத்தியசோதக சமாஜத்தைச் சேர்ந்த லோகண்டே கூட்டம் கூட்டிப் போராடி 1890-இல் வாங்கியது. வார விடுமுறையை 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமும் எழுதி வைத்தது. சிவகாசியில் இந்துக் கையும் கிறிஸ்தவக் கையும் ஒரே மருந்தைத்தான் அடைக்கின்றன. அதே வெடிதான் தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் போகின்றது. தீபாவளி நெருக்கத்தில் அவசர வேலையென்று ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுகின்ற முதலாளியிடம் போய், ஓய்வுநாள் கட்டளையை எடுத்துக்காட்டி ஒரு வார்த்தை சொல்ல நமது ஊர்ப் பிரசங்கிமாரில் எத்தனை பேர் தயார் என்று கேட்கின்றோம்.