சராசரிக்குள் அடங்காத வீடுகள்

ஏழைகளின் வீடுகளைக் குளிரும் வெயிலும் தாங்கும்படி இலவசமாகச் சீர்செய்து கொடுக்கும் 'வெதரைசேஷன்' உதவித் திட்டம் அமெரிக்காவில் 1976-இல் சட்டமானது. இன்று வறுமைக் கோட்டைப் போல இரு மடங்கு வரை வருமானம் உள்ள குடும்பங்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஆரம்பத்தில் ஜன்னலில் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவதும் கதவிடுக்கை அடைப்பதுமாக இருந்த வேலை, இப்போது பரணிலும் சுவரிலும் இன்சுலேஷன் நிரப்புவது, காற்றுக் கசிவை அளந்து அடைப்பது, பழுதான ஹீட்டரை மாற்றுவது என்று வளர்ந்துவிட்டது. அந்த அளவுக்குச் செலவு வரம்பு வளரவில்லை. அதை உயர்த்தியே ஆக வேண்டும் என்பது இதை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு.

2009-இன் பொருளாதார மீட்புச் சட்டம், ஒரு வீட்டுக்கான சராசரிச் செலவு வரம்பை 2,500 டாலரிலிருந்து 6,500 டாலராக்கியது. விலைவாசியை ஒட்டி அது ஆண்டுதோறும் கூடுகிறது. ஆனால் விலைவாசி எவ்வளவு எகிறினாலும் 3 சதவீதத்துக்கு மேல் கூடாது. 2022 ஜூனில் அமெரிக்க நுகர்வோர் விலைவாசி முந்தைய ஆண்டைவிட 9.1 சதவீதம் ஏறியிருந்தது. வரம்போ 2022-இல் 8,009, 2023-இல் 8,250, 2024-இல் 8,497 டாலர் என்று நிதானமாக நகர்ந்தது.

இது சராசரிதானே, தனி வீட்டுக்கான வரம்பு அல்லவே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வீட்டில் 13,000 டாலர் செலவழித்துவிட்டு இன்னொன்றை 3,500-இல் முடித்தால் கணக்கு நேராகிவிடும். ஆனால் ஆண்டுக் கடைசியில் சராசரியைக் காட்டியாக வேண்டிய, திட்டத்தை நடத்தும் உள்ளூர் நிறுவனம், சின்ன வேலையில் முடிகிற வீட்டையே தேடும். அதைக் குறைசொல்லிப் பயனில்லை. விதி அந்தப் பக்கமாகத்தான் தள்ளுகிறது.

தள்ளிவிடப்படுகிற வீடு எப்படி இருக்கும்? ஆய்வாளர் முதலில் பரணில் ஏறி டார்ச் அடித்துப் பார்ப்பார். கூரை ஒழுகினால் கதை அங்கேயே முடிந்தது: நனைந்த செல்லுலோஸ் இன்சுலேஷன் குளிரைத் தடுக்காது, பூஞ்சைதான் பிடிக்கும். பழைய வீடுகளில் பீங்கான் குமிழ்களைப் பற்றிக்கொண்டு ஓடும் மின்கம்பிகள் இருக்கும். அவற்றின்மேல் இன்சுலேஷனைக் கொட்டினால் சூடு வெளியேற வழியின்றித் தீப்பிடிக்கலாம். மோண்டானா மாநிலத்தின் லிப்பி சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட் இன்சுலேஷன் பரணில் கிடந்தால் ஆஸ்பெஸ்டாஸ் அபாயம். வாசல் நிலையில் பெரிய விசிறியைப் பொருத்திக் கசிவை அளக்கும் சோதனையைக்கூட அங்கே செய்ய முடியாது. நார்த்தூள் வீடு முழுக்கப் பரவிவிடும்.

இவ்வீடுகளுக்கெல்லாம் 'ஒத்திவைப்பு' என்று பதில் போகிறது. மராமத்தை முடித்துக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். கூரை மாற்றக் கையில் காசிருந்தால் அந்தக் குடும்பம் ஏன் இந்த வரிசையில் நிற்கிறது?

இந்தச் சிக்கலை அரசு அறியாமல் இல்லை. இத்தகைய மராமத்துக்கென 2022-இல் ஒன்றரைக் கோடி டாலரில் தனி நிதி ஒதுக்கப்பட்டது. ஐம்பது மாநிலங்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் தேறாது. அதே ஆண்டு பென்சில்வேனியா மாநிலம் மட்டும் வீட்டு மராமத்துக்கு 12.5 கோடி டாலர் ஒதுக்கியது. வீட்டு உரிமையாளருக்கு 50,000 டாலர் வரை மானியம். தேவையின் அளவை அந்த மாநிலம் உணர்ந்திருக்கிறது.

வரம்பை உயர்த்தினால் பணம் விரயமாகும் என்ற அச்சத்தில் வலுவில்லை. செய்யும் வேலையின் ஆயுட்காலத்தில் கிடைக்கும் எரிபொருள் மிச்சம், போட்ட செலவுக்குக் குறையக் கூடாது என்ற சோதனை திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. சராசரி வரம்பு அதே கதவில் தொங்கும் இரண்டாவது பூட்டு.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. 12 லட்சம் டாலரில், 8,497 சராசரிக்கு 141 வீடுகளைச் சீர்செய்யலாம். 12,000 சராசரிக்கு 100 வீடுகளைத்தான் முடிக்கலாம். நிதி கூடாவிட்டால் 41 குடும்பங்கள் காத்திருக்கும். இதை அமைப்பு மறைக்கவில்லை. ஆனாலும் இந்த நூறே மேல் என்று அது கருதுகிறது. காரணம், 2020 எரிசக்திச் சட்டப்படி, ஒருமுறை வேலை நடந்த வீட்டுக்கு 15 ஆண்டுகள் கழித்தே இந்த நிதியில் மறுபடி கை வைக்கலாம். வரம்புக்கு அஞ்சிச் சுவரை விட்டுவிட்டுப் பரணை மட்டும் முடித்தால், அந்தச் சுவர் பதினைந்து குளிர்காலத்துக்கு அப்படியே நிற்கும்.

ஆகவே, அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஏற்கெனவே முன்வைக்கப்பட்ட மசோதாக்களின்படி சராசரி வரம்பு 12,000 டாலராக வேண்டும். 3 சதவீதத் தடை நீங்கி, ஆண்டு உயர்வு கட்டுமானச் செலவை ஒட்டி அமைய வேண்டும். கூரை, மின்கம்பி மராமத்து சராசரிக் கணக்கில் சேரக் கூடாது. ஒத்திவைத்த வீடுகளின் எண்ணிக்கையையும் காரணத்தையும் ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 2021 உள்கட்டமைப்புச் சட்டம் இத்திட்டத்துக்குக் கொடுத்த 350 கோடி டாலரும் இதே வரம்புக்கு உட்பட்டதுதான். அந்தப் பணம் தீருமுன் இந்த மாற்றங்கள் வர வேண்டும் என்று அமைப்பு கோருகிறது.