கல்லுடைக்கும் களங்களும் காக்கப்படாத உயிர்களும்

கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர் திருக்கோயில் கருங்கல்லாய் எழுந்து நிற்கின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருப்பணி செய்வித்த அக்கோயிலைக் கண்டு வியவாதார் இலர். அங்கிருந்து கூப்பிடு தொலைவிலே கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பணை கடலை மறித்துக் கிடக்கின்றது. 1875இல் வேல்ஸ் இளவரசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் அது நிறைவெய்தியது. அவ்வணைக்கு வேண்டிய கல்லை மஹரையில் உடைத்தவர்களோ சிறைக்கைதிகள். அடிக்கல் நாட்டிய இளவரசரை வரலாறு அறியும். அந்தக் கல்லை உடைத்தவரை அது அறியாது.

காலம் மாறிற்று, கல்லின் தேவை மாறவில்லை. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே எழும் தொடர்மாடிகளின் கொங்கிறீற்றிலே, எங்கோ ஒரு குன்றைப் பிளந்தெடுத்த கருங்கற் சல்லி கலந்திருக்கின்றது. வீடு வாங்க வருவோர் தளத்தின் பளபளப்பை விசாரிக்கின்றனர். மின்தூக்கியின் வேகத்தை விசாரிக்கின்றனர். சல்லி வந்த குழியினுள் நின்றவன் எந்தப் பாறையின் கீழ் நின்றான் என்று விசாரிப்பவர் எவருமிலர்.

கற்குவாரியில் பாறை சரிந்து தொழிலாளி மாண்டுவிட்டால் மூன்று சொற்கள் உடனே புறப்படுகின்றன: விபத்து, விதி, இயற்கையின் சீற்றம். இம்மூன்றும் குற்றத்தை மறைக்கும் திரைகளே. குழியை வெட்டியது இயற்கையன்று. அதன் சுவரைச் செங்குத்தாக நிறுத்தியதும், அச்சுவரின் அடியிலே மனிதனை நிறுத்தியதும் இயற்கையல்ல. இவை யாவும் ஒருவரது தீர்மானங்கள். அத்தீர்மானங்களால் இலாபம் அடைந்தவரும் உளர்.

பாறை எதனால் விழுகின்றது என்பது அறிவியல் நன்கறிந்த செய்தி. இலங்கைத் தீவின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் தொன்மையான உருமாறிய பாறைகளால் ஆனது. அப்பாறைகளிலே படைத்தளங்களும் வெடிப்புகளும் ஊடுருவிச் செல்கின்றன. வெட்டப்பட்ட முகத்தை நோக்கி அவை சாய்ந்திருப்பின், பாறைத்துண்டு வழுக்கி இறங்கும். இரு வெடிப்புகள் ஒன்றையொன்று வெட்டுமிடத்தில் ஆப்பு வடிவான துண்டு பெயர்ந்து வரும். மழைநீர் வெடிப்பினுள் புகுந்து நெருக்கும். அளவுக்கு மிஞ்சிய வெடிமருந்து, எடுக்க வேண்டிய பாறையை மட்டுமன்றி நிலைத்து நிற்க வேண்டிய சுவரையும் சிதைத்துவிடும். இவற்றுள் எது மறைபொருள்? எது எதிர்பாராதது?

30 மீற்றர் உயரத்திலிருந்து கழன்று வீழும் கல் நிலத்தை எட்ட இரண்டரை வினாடியே செல்லும். அப்பொழுது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 87 கிலோமீற்றர். கருங்கல்லில் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 2.7 தொன் நிறையுடையது. இதற்கு எதிரே தலைக்கவசம் ஒன்றை நீட்டி, "பாதுகாப்பு வழங்கிவிட்டோம்" என்று சொல்லும் முதலாளியின் துணிவை என்னென்பது! தலைக்கவசம் சிறு சிதறலைத் தாங்கும். பாறையைத் தாங்க வேண்டியது குழியின் அமைப்பு.

அவ்வமைப்பு யாதெனில், சுவரைப் படிப்படியாக வெட்டுதல். விழும் கல் தங்குமாறு ஒவ்வொரு படிக்கும் அகலம் விடுதல். அடிவாரத்தில் அகழியும் வரம்பும் அமைத்தல். மழைநீரை மேலேயே திசைதிருப்புதல். கடினப் பாறையிலும் படியின் உயரம் 6 மீற்றரை விஞ்சலாகாது என்னும் பொதுவிதியை இந்தியா 1961இலேயே இயற்றியது. சரிவிலே கல் எங்கே குதிக்கும், எங்கே உருளும், அதைப் பிடிக்க எத்துணை அகலமான அகழி வேண்டும் என்பதை அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் ஆதர் றிச்சி என்பார் கற்களை உருட்டிவிட்டு ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். அறிவு இல்லாமையால் எவரும் இன்று சாகவில்லை.

பின் எதனால் சாகின்றனர்? 2022ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் நள்ளிரவை அண்டிய வேளையிலே, திருநெல்வேலி மாவட்டத்து அடைமிதிப்பான்குளத்தில் ஏறத்தாழ 300 அடி ஆழமான கற்குவாரியில் பாறை சரிந்தது. அறுவர் அகப்பட்டனர், நால்வர் மாண்டனர். மேலும் மேலும் கற்கள் சரிந்தமையால் மீட்புப்பணி பல நாள் நீண்டது. சுவரில் விழுந்த வெடிப்பைக் கண்ணால் காணவியலாத இருளிலே குழியின் அடியில் மனிதர் ஏன் நின்றனர் என்ற ஒரு வினாவே போதும். மூன்றாண்டு கழிந்து, 2025 மே 20ஆம் நாள், சிவகங்கை மாவட்டத்து மல்லாக்கோட்டையிலும் அதே கதை. அங்கு அறுவர் உயிர் நீத்தனர். இரங்கற்செய்தியும் இழப்பீட்டு அறிவித்தலும் தவறாமல் வந்தன. வரவேண்டிய காலத்திலே வராதது எச்சரிக்கை ஒன்றே.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. 2013 ஏப்ரல் 10ஆம் நாள், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பிங்கம் கன்யன் செப்புச் சுரங்கத்தில் பத்துக் கோடி தொன்னுக்கு மேற்பட்ட பாறையும் மண்ணும் சரிந்தன. இறந்தவர் ஒருவருமிலர், காயமுற்றவரும் இலர். சுவரின் அசைவை ராடார் முதலிய கருவிகள் இடைவிடாது அளந்தன. அசைவு விரைவுறுவதைக் கண்டு முன்னதாகவே தொழிலாளரை வெளியேற்றினர். மாமலையே சரிந்தவிடத்து ஒருயிரும் போகவில்லை. ஒரு சுவரின் துண்டு சரிந்தவிடத்து நான்கு உயிர்கள் போயின. கல்லின் அளவு உயிரைத் தீர்மானிக்கவில்லை, காவலே தீர்மானித்தது.

"அது செல்வந்த நாடு, ராடார் வாங்க இங்கே பணமேது?" என்பர். இவ்வாதம் மேலோட்டமாகவே நியாயமானது. அலவாங்கினால் பாறையைத் தட்டி, உள்ளீடற்ற ஓசை எழுமிடத்தைக் கண்டு, தளர்ந்த கல்லை மேலிருந்தே நெம்பி வீழ்த்த ராடார் வேண்டியதில்லை. வெடிப்பின் இருபுறமும் முளை அடித்து இடைவெளியை நாள்தோறும் நாடாவால் அளக்க வெளிநாட்டு நாணயம் வேண்டியதில்லை. வெடி வைத்த பின்னும் பெருமழையின் பின்னும், சுவரைப் பார்வையிடுமுன் ஒருவரும் இறங்கலாகாது என்று சொல்ல வாய் ஒன்றே போதும். இவற்றுக்கு உண்மையில் தேவைப்படுவது நேரம். அந்த நேரத்திலே லொறி நிரம்பாது, உறுத்துவது அதுவே.

இலங்கையிலே 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் அனுமதிப்பத்திரம் வழங்குகின்றது. பத்திரம் தாளில் இருக்கும். பாறை குழியில் இருக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு மனிதன் அளவுகோலுடன் சென்று வருவதே சட்டத்தின் உயிர். படிகள் வெட்டப்படாத குவாரி வேலையை நிறுத்துமாறு செய்தல் வேண்டும். ஐயுறும் பாறையின் கீழ் இறங்க மறுக்கும் தொழிலாளியின் நாட்கூலி வெட்டப்படலாகாது. பாறையை அன்றாடம் அருகிருந்து பார்ப்பவன் அவனே; அவனது அச்சம் கருவி காட்டும் அளவுக்கு ஒப்பான சான்று. கூலிக்கு அஞ்சி அவன் வாய்மூடி இறங்கும் நாளிலே, குவாரியின் முதற் காவல் வீழ்ந்துவிடுகின்றது.

மஹரையிலே கல்லுடைத்தவர்க்கு மறுக்கும் உரிமை இருக்கவில்லை, அவர்கள் கைதிகள். இன்றைய தொழிலாளி சட்டப்படி சுதந்திரன். அவனுக்கும் அவ்வுரிமை இல்லையாயின், விலங்கை மாத்திரம் கழற்றிவிட்டுக் குழியை அப்படியே வைத்திருக்கின்றோம் என்பதே பொருள். வெள்ளவத்தையின் உயர்ந்த மாடங்களில் நின்று கடலைக் காண்போர், தம் காலடியில் இருக்கும் கல் எவ்விதம் வந்தது என்று ஒருமுறையேனும் கேட்பாராக. கேட்பவர் பெருகினால், பதில் சொல்ல வேண்டியவர் நெடுநாள் மௌனமாயிருத்தல் இயலாது.